ஆறு கிலோ மணல்

லிஃப்ட்காரர் அன்று காலை பல் தேய்த்துக்கொண்டே ஒரு சபதம் எடுத்தார். இரண்டே மாதத்தில் மனைவியைக் குண்டாக்கிவிடுவது.

கணவன்மார்கள் என்னென்னவோ சபதம் எடுக்கிறார்கள். சிகரெட்டை விடுகிறேன் என்பார்கள், கோபத்தை விடுகிறேன் என்பார்கள், எதையும் விடமாட்டார்கள். ஆனால் இப்படி ஒரு சபதத்தை இவருக்கு முன்னால் யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை. எடுத்தவரோ ஏணியைச் சுவரில் சாத்தி வைத்தாற்போல் ஒரு ஆள். இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார். ஊர் ஜனத்தையெல்லாம் மேலே ஏற்றி இறக்கியவர். வீட்டில் மட்டும் அவர் பேச்சு ஒரு மாடிகூட ஏறியதில்லை.

சபதத்துக்குக் காரணம் ஒரு கார்.

சாலையில் போகிற கார் இல்லை. ஒரே ஒருவர் கால் நீட்டிச் சாய்ந்துகொண்டு ஓட்டுகிற ஒல்லியான மின்சாரக் கார். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் குடும்பமே சேர்ந்து செய்தது. அலுமினியக் குழாயில் சட்டம், சைக்கிள் சக்கரம், அவர் கையால் சுற்றிய மோட்டார். பச்சைச் சாயம் அடித்து முடித்ததும் மகள் தள்ளி நின்று பார்த்து, "வெண்டைக்காய்" என்றாள். அதற்கப்புறம் அந்தக் காருக்கு வேறு பெயர் ஒட்டவில்லை.

ஊரில் இந்தப் பைத்தியம் பிடித்த குடும்பங்கள் பதினாலு இருந்தன. பழைய சரக்குக் கிட்டங்கிகளுக்கு முன்னால் கிடக்கிற சிமெண்டுத் திடலில் வருஷத்துக்கு மூன்று பந்தயம் நடக்கும். எல்லோருக்கும் ஒரே மாதிரி பேட்டரி, ஒரு மணி நேரம். அதற்குள் அதிகச் சுற்று சுற்றினவருக்குக் கோப்பை. அவசரப்பட்டால் நாற்பதாவது நிமிஷம் பேட்டரி படுத்துவிடும். நிதானமாகப் போனால் எதிர்வீட்டுச் சலூன்காரர் முந்திவிடுவார். இன்னொரு விதியும் உண்டு. ஓட்டுகிறவர் அறுபது கிலோவாவது இருக்க வேண்டும். குறைந்தால், குறைகிற அளவுக்கு மணல் பை கட்டிச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஆளுக்கொரு பச்சைக்குழந்தையைத் தூக்கிவந்து உட்கார வைத்துவிடுவார்களே!

மோட்டார் லிஃப்ட்காரர் பொறுப்பு. மணல் பை தைப்பதும், ஓரமாக நின்று விசில் ஊதுவதும் மனைவி பொறுப்பு. நீளமாக ஒன்று என்றால் அடக்கிப் போ. சின்னதாக இரண்டு என்றால் விடு. ஓட்டுகிறவள் பொடிசு. ஒரே மகள். பத்தொன்பது வயதிலும் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

பொடிசு இறந்து இரண்டு வருஷம் நாலு மாசம் ஆகிறது. ரத்தத்தில் வந்த வியாதி. கண்டுபிடித்த நாலாம் மாசம் எல்லாம் முடிந்துவிட்டது. "கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா..." என்று பெரிய டாக்டர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். லிஃப்ட்காரருக்கு அது இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அன்றிலிருந்து அவர் கொட்டகைப் பக்கம் போகவில்லை. துணி காயப்போடக்கூட வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். மகளைப் பற்றி மனைவி வாயெடுத்தால் போதும், "குழாய் சொட்டுதுபோல இருக்கே" என்று எழுந்து குளியலறைக்குப் போய்விடுவார். கால்மணி நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வருவார். பொய் சொல்கிறார் என்றும் சொல்ல முடியாது. அந்தக் குழாய் உண்மையிலேயே சொட்டிக்கொண்டுதான் இருக்கும். நாலு தடவை வாஷர் மாற்றிவிட்டார். பத்து மாடி லிஃப்டை ஒரு மணி நேரத்தில் சரிசெய்கிறவருக்கு ஒரு குழாய் தண்ணி காட்டியது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் மனைவி வேலை பார்ப்பது குடிநீர் அலுவலகத்தில், புகார்ப் பிரிவில். ஊரில் சொட்டுகிற குழாய்க்கெல்லாம் அவள்தான் பதில் சொல்கிறாள்.

அந்த மனைவிதான் முந்தின நாள் சாயங்காலம், தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, ரெண்டு மாசத்துல பந்தயம் வருது. வெண்டைக்காயை எடுக்கலாம்னு இருக்கேன்."

"எடுத்து?"

"ஓட்டத்தான். பின்ன, கூட்டா வைக்க முடியும்?"

"யார் ஓட்டுவா?"

"நான்."

அந்தச் சீட்டில் இன்னொருவர் உட்கார்வதா? கட்டின மனைவியாகவே இருக்கட்டும், மகள் முதுகுக்கு அளவாகச் செய்த அந்தப் பள்ளத்தில் இன்னொரு உடம்பு சாய்வதை லிஃப்ட்காரரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் ஒரு நாளைக்கு நூறு பேர் திட்டுவதைச் சிரித்துக்கொண்டே கேட்டு, கடைசியில் அவர்கள் வாயாலேயே நன்றி சொல்ல வைக்கிறவளிடம் 'வேண்டாம்' எடுபடுமா? அதனால் தொழில்நுட்பத்துக்குத் தாவினார்.

"அந்தச் சட்டம் தாங்காதும்மா. பொடி... அந்த எடைக்குன்னு கட்டினது. அறுபத்திரெண்டு கிலோவுக்கு மேல ஒரு பொட்டு ஏறினாலும் வளைஞ்சிரும்."

"நான் அம்பத்தெட்டுதானே?"

"ஆங்?"

"அம்பத்தெட்டு. அப்புறம் என்ன? நாலு கிலோ மிச்சமே இருக்கு."

"குழாய் சொட்டுதுபோல இருக்கே" என்றார் லிஃப்ட்காரர்.

குளியலறையில் நின்று யோசித்ததில்தான் அந்தத் திட்டம் பிறந்தது. மனைவி அறுபத்திரெண்டைத் தாண்டிவிட்டால் விஷயம் முடிந்தது. தேவை நாலே நாலு கிலோதான். அதை அன்பாலேயே ஏற்றிவிடலாம்!

மறுநாள் முதல் அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்தவர்கள், அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். வெந்நீர் வைக்கச் சொன்னால் பாத்திரத்தைத் தீய விடுகிற மனிதர், விடிந்ததும் விடியாததுமாக அடுப்படியில் நின்றார். ரொட்டியில் வெண்ணெய் தடவினார். தடவினார் என்பது சரியில்லை, பூசினார். மனைவியின் கைப்பையில் முந்திரிப் பொட்டலத்தைத் திணித்தார். வேலையிலிருந்து வரும்போதெல்லாம் கேக், இனிப்பு, சாக்லெட். பால் இரண்டு வேளை, அதில் பாதிக்குப் பாதி சர்க்கரை.

"என்னங்க இது, திடீர்னு பாசம் பொங்கி வழியுது?"

"உழைக்கிறவ. சத்து வேணாமா?"

"இருபத்திநாலு வருஷமா உழைக்கிறேன். இப்பத்தான் கண்ணுல பட்டுச்சா?"

"தப்புதான். திருத்திக்கிறேன். இந்தா, இன்னொரு துண்டு."

"உங்களுக்கு?"

"எனக்கு வயிறு நிறைஞ்சிருச்சு."

வயிறு நிறையவில்லை. கடையில் வாங்கியது அவளுக்கே போய்ச்சேரட்டும் என்று தன் பங்கையும் அவள் தட்டில் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு வாசல் காற்றுக்குப் போவாள். காலித் தட்டோடு திரும்புவாள். லிஃப்ட்காரருக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

அந்த இரண்டு மாதத்தில் எதிர்வீட்டுச் சலூன்காரர் இரண்டு முறை பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டார். லிஃப்ட்காரர் அதைப் பார்த்தார். 'வயசாகுது, தொப்பை விழுது பாவம்' என்று பரிதாபமும் பட்டார். அதற்கு மேல் அவர் புத்தி போகவில்லை.

இவ்வளவு தூரம் அவர் பாடுபட்டதற்குச் சீட்டு மட்டும் காரணமில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. வீட்டில் இல்லை. பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் மோட்டார் ஓடுகிற மொட்டைமாடி அறை, அங்கே மின்சாரப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். பந்தயத்துக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கொட்டகையில் பொடிசை எடை மேடையில் நிறுத்தி, அவர் கையால் எழுதிய எண்கள் அதில் இருந்தன. கடைசி வருஷம் மூன்று பந்தயம். நாற்பத்தெட்டு. நாற்பத்தேழு. நாற்பத்தாறு.

இறங்கிக்கொண்டே போகிறது. ஒரு தகப்பன் பயந்திருக்க வேண்டும். லிஃப்ட்காரர் சந்தோஷப்பட்டார்.

ஆமாம், சந்தோஷம். மனுஷ எடை உயரத்தில் இருக்கும். மணல் எடை தரையோடு தரையாக இருக்கும். ஆள் குறைந்து மணல் கூடினால் கார் வளைவில் கவிழாது. மோட்டார்காரனுக்குத் தெரிந்த கணக்கு அது.

"என்னப்பா, நான் இளைச்சா உனக்கு லாபமா?" என்று மேடையிலிருந்து இறங்கிக்கொண்டே கேட்டாள் பொடிசு.

"லாபம்தான்டி. இன்னும் ரெண்டு கிலோ குறைஞ்சா கோப்பை நமக்குத்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அப்புறம் அவர் இருபத்திநாலாம் நம்பர் ஸ்பானரைத் தேடப் போய்விட்டார். எடை பார்க்கிற நாளெல்லாம் அது காணாமல் போகும், பந்தயம் முடிந்ததும் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். சலூன்காரர்தான் வேண்டுமென்றே எடுத்து ஒளித்து வைத்து, தன்னைத் திணறடிக்கிறார் என்று அவருக்குச் சந்தேகம்.

அந்த எண்களை மனைவி ஒரு நாளும் பார்க்கக் கூடாது. 'எடை குறைஞ்சது உங்களுக்குத் தெரியுமா?' என்று அவள் கேட்டுவிட்டால் என்ன சொல்வது? கார் வெளியே வந்தால் பேச்சு வரும். பேச்சு வந்தால் எடை வரும். அதனால்தான் இந்த வெண்ணெய், இந்த முந்திரி எல்லாம்.

பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மனைவி கொட்டகையிலிருந்து எடை மேடையைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். தளர்வான ஒரு பெரிய அங்கியைப் போட்டிருந்தாள். நடையில் ஒரு கனம். இடுப்பே தெரியவில்லை. 'வெண்ணெய் வேலை செய்யுது' என்று மனசுக்குள் தட்டிக்கொடுத்துக்கொண்டார் லிஃப்ட்காரர். அவள் ஏறி நின்றாள். முள் ஆடி நின்றது.

அறுபத்திநாலு.

லிஃப்ட்காரர் கஷ்டப்பட்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். "அடடா! ரெண்டு கிலோ கூடிப்போச்சே."

"அய்யோ, ஆமாங்க."

"சட்டம் தாங்காதே."

"தாங்காதுல்ல?"

"சரி விடு. நமக்குக் குடுத்து வைக்கலை. காரை உள்ளயே..."

"ஒரு வாரம் இருக்கு" என்றாள் மனைவி. "இன்னிலேர்ந்து பட்டினி. தண்ணி மட்டும். ஏழு நாள்ல இளைச்சுர மாட்டேனா?"

லிஃப்ட்காரருக்கு உள்ளே ஒரு கயிறு அறுந்தது. இளைப்பது! இந்த வீட்டில், இந்த மேடையில், இன்னொருத்தி நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்து ஏறி நிற்பாள். முள் இறங்கும். அவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

"வேண்டாம்."

"ரெண்டே கிலோதானே?"

"வேண்டாம்னு சொல்றேன்ல! இளைக்காத. நீ இளைக்கக் கூடாது. தயவுசெஞ்சு சாப்பிடு."

குரல் உடைந்துவிட்டது. மனைவி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அந்தப் பார்வையில் விளையாட்டு இல்லை. பிறகு புகார்ப் பிரிவுக் குரலுக்கு மாறினாள்.

"சரி, இளைக்கலை. அப்போ நீங்க ஓட்டுங்க."

"நானா?"

"மாற்று ஓட்டுநர்னு உங்க பேர்தான் குடுத்திருக்கேன். நீங்களே கையெழுத்து போட்டிருக்கீங்க." தாளை நீட்டினாள். அவர் கையெழுத்துதான். போன மாதம் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், கண்ணாடி இல்லாமல் எதிலோ போட்டது.

"எனக்கு ஓட்டவே தெரியாதேம்மா. மேலயும் கீழயும்தான் எனக்குத் தெரியும்."

"இதுல முன்னால மட்டும் போனாப் போதும். ஏறுங்க மேடையில."

ஏறினார். சபதம் எடுத்த அன்று ஐம்பத்தேழு கிலோ இருந்த மனிதர், தன் பங்கையெல்லாம் அவள் தட்டில் தள்ளித் தள்ளி, இப்போது ஐம்பத்திநாலு. எல்லோர் எடையையும் கணக்குப் போட்டவர் தன் எடையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"அம்பத்திநாலு. அறுபதுக்கு ஆறு கிலோ மணல் வேணும்" என்றாள் மனைவி. "மூணு மூணு கிலோவா ரெண்டு பை தைச்சு வச்சிருக்கேன்."

"எப்பத் தைச்ச?"

"இருந்துச்சுங்க" என்றாள். அங்கியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே போனாள்.

அந்த வாரம் லிஃப்ட்காரர் கொட்டகைக்குள் போனார். வாசலில் நின்றார், திரும்பினார், மறுபடி வந்தார். தூசி இல்லை. மனைவி ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைத்து வைத்திருந்தாள். "பின்னாடி மோட்டாரை நீங்க பாருங்க, முன்பக்கம் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். உட்கார்ந்து பார்க்கவும் விடவில்லை. டேப்பை வைத்து அவர் முதுகை அளந்து, "போதும்" என்றாள். அவருக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

பந்தய நாள் வந்தது. திடலில் பதினாலு கார்கள். சலூன்காரர் தன் காருக்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சலூன், நீ ஓட்டலை?"

"நுழைய முடியலண்ணே. ரெண்டு மாசமா ஒரே வெண்ணெய்யும் கேக்கும்..." என்று ஆரம்பித்தவர், லிஃப்ட்காரரின் மனைவி திரும்பிப் பார்த்ததும் "வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல?" என்று முடித்தார்.

லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டு காருக்குள் இறங்கினார். பள்ளம் அவர் முதுகுக்குச் சின்னதாக இருந்தது. மனைவி தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கீழிருந்து ஒன்று என்று ஐந்து பட்டையையும் இழுத்துக் கட்டினாள். மூச்சு முட்டியது. அவர் வெறுக்கிற, பக்கத்துக்கும் தூரத்துக்கும் சேர்ந்த கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டினாள்.

"இது எதுக்கு?"

"வேணும்" என்றாள். குனிந்து அவர் ஹெல்மெட் பட்டையைச் சரிசெய்தாள். "மெதுவா போங்க. ஜெயிக்க வேணாம். ஒரு மணி நேரம் உள்ள இருங்க, அது போதும்."

கொடி விழுந்தது. முதல் சுற்றில் எல்லோரும் அவரை முந்திப் போனார்கள். இருபத்தாறு வருஷத்தில் முன்பக்கமாக இவ்வளவு வேகத்தில் அவர் போனதில்லை. உண்மையில் அது ஒரு சைக்கிள் வேகம்தான். இரண்டாவது சுற்றில் பயம் கொஞ்சம் தெளிந்து, கண் பக்கவாட்டில் போனது.

இடது பக்கத் தகட்டின் உள்பக்கத்தில் எழுத்து.

அவரே வளைத்து ஒட்டிய தகடு அது. வெளிப்பக்கம் அவருக்கு மனப்பாடம். சீட்டில் சாய்ந்து படுத்தால்தான் தெரிகிற உள்பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை. கறுப்புப் பேனா. கோணல் மாணலான எழுத்து. அந்த எழுத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவர் சொல்வார்.

'முதல் வளைவு: பிரேக் வேண்டாம்.'

'சலூன் மாமாவை முந்தும்போது கை காட்டாதே. அழுதுடுவார்.'

குழாய் சொட்டுதுபோல இருக்கே என்று லிஃப்ட்காரர் வாய் தன்னால் முணுமுணுத்தது. ஆனால் ஐந்து பட்டை. ஓடுகிற கார். எழுந்து போக இடமில்லை. வளைவு வந்தது. திருப்பினார். அடுத்த நேர்ப்பாதையில் அடுத்த வரி.

'எடை பார்க்கும் முன்: இருபத்திநாலாம் நம்பர் ஸ்பானர், இரும்புப் பூட்டு, சுத்தியல் தலை. எல்லாம் கோட்டுப் பைக்குள்ளே. அப்பா முகம் பார்த்து இறங்கு.'

'கீழே எடுத்து வைக்காதே! மூணு கிலோவும் கூடவே ஓடணும். ஏமாத்துறது அப்பாவை மட்டும். பந்தயத்தை இல்லை.'

'நோட்டில் 46. நிஜம் 43. தெரிஞ்சா வண்டியைப் பூட்டிடுவார். இந்தப் பந்தயம் முடிஞ்சதும் நானே டாக்டர்கிட்ட போறேன்.'

நாற்பத்துமூன்று.

அவருக்குக் கண் மறைத்தது. இரண்டு வருஷம் நாலு மாசமாக அவர் தன்னைத்தானே நிறுத்திக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: கண்ணுக்கு எதிரே முள் இறங்கியதே, பார்த்துக்கொண்டு சிரித்தாயே, நீ ஒரு தகப்பனா? அவர் பார்த்த முள் பொய். அந்தப் பொல்லாத பெண் அவரைப் பார்க்கவே விடவில்லை. உண்மை எண் தெரிந்திருந்தால் அவர் வண்டியைப் பூட்டியிருப்பார், தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியிருப்பார். அவளுக்கே அது தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் சுத்தியலை ஒளித்துக்கொண்டு ஏறியிருக்கிறாள். 'அடிப்பாவி' என்று ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சொன்னார். 'அடிப்பாவி, என் செல்லமே, சொல்லியிருக்கக் கூடாதா?' யாருக்கும் கேட்கவில்லை. மோட்டார் மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

தகட்டின் கோடியில், முழங்காலுக்குப் பக்கத்தில், கடைசி வரி இருந்தது.

'கிட்டங்கிக் கதவுகிட்ட அப்பா நிப்பார். சிரி. வலிச்சாலும் சிரி.'

கிட்டங்கிக் கதவு வந்தது. அவர் வழக்கமாக நிற்கிற இடத்தில் இன்று மனைவி நின்றாள், வாயில் விசிலோடு. லிஃப்ட்காரர் கண்ணாடிக்கு அடியில் கண்ணீர் தாரை தாரையாக ஓட, பல் முழுக்கத் தெரியச் சிரித்தார். அவள் விசிலை ஊதவில்லை. கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கடுத்த சுற்றிலும் சிரித்தார். அதற்கடுத்த சுற்றிலும். ஒரு மணி நேரம் முடியும் மட்டும், அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் அழுதுகொண்டே சிரித்துவிட்டுப் போனார். பதினாலு பேரில் பதினாலாவதாக வந்தார். பேட்டரியில் பாதி மிச்சம் இருந்தது.

மனைவி வந்து பட்டைகளை அவிழ்த்தாள். அவர் எழுந்திருக்கவில்லை.

"நீ இப்ப எவ்வளவு எடை?"

"அம்பத்தெட்டு."

"அன்னிக்கு அறுபத்திநாலு காட்டுச்சே?"

அவள் குனிந்து, சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு மணல் பையையும் வெளியே இழுத்தாள். ஒவ்வொன்றிலும் இடுப்பில் கட்டிக்கொள்ள நாடா தைத்திருந்தது.

"எப்பத் தெரியும் உனக்கு? இந்த எழுத்து?"

"ஆறு மாசமா. துடைக்கப் போனவ ஒரு நாள் தாங்க முடியாம உள்ள படுத்தேன். அப்பப் பாத்தேன்." அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "நீங்க அந்த எண்ணை மனசுல வச்சுக்கிட்டுச் சாகறது எனக்குத் தெரியாதா? எத்தனை தடவை சொல்ல வந்தேன். அவ பேரை எடுத்தாலே குளியலறைக்கு ஓடிருவீங்க. உங்களை ஒரு மணி நேரம் ஒரு இடத்துல கட்டி வைக்க எனக்கு வேற வழி தெரியலைங்க."

அன்று திரும்புகிற வழியில் லிஃப்ட்காரர் அந்தப் பதினோரு மாடிக் கட்டடத்துக்குப் போய் நோட்டை எடுத்துவந்தார். சாயங்காலம் இருவரும் சாப்பாட்டு மேசையில் அதை நடுவில் வைத்து உட்கார்ந்தார்கள். அவர் நாற்பத்தாறை அடித்துவிட்டு நாற்பத்துமூன்று என்று எழுதினார். மனைவி பொடிசைப் பற்றிப் பேசினாள். நிறையப் பேசினாள். அவரும் பேசினார். சிரித்தார்கள், அழுதார்கள். நடுவில் குளியலறையிலிருந்து சொட், சொட் என்று சத்தம் வந்தது. மனைவி பேச்சை நிறுத்திவிட்டு அவர் எழுந்து போவதற்காகக் காத்திருந்தாள்.

லிஃப்ட்காரர் எழுந்திருக்கவில்லை. "சொட்டட்டும், விடு. வாஷர் தேஞ்சிருக்கும். நாளைக்கு மாத்திடறேன்."

"வாஷர்ல ஒண்ணுமில்லைங்க" என்றாள் மனைவி. "தினமும் நான்தான் கால் சுற்று திறந்து வச்சுட்டு வரேன். நீங்க போய் அழுதுட்டு வர ஒரு சாக்கு வேணாமா?"

இரண்டு வருஷம் நாலு மாசம். அந்தச் சாக்காவது தன் சொந்த மூளையில் உதித்தது என்று இந்த நிமிஷம் வரை நம்பியிருந்தார் லிஃப்ட்காரர்.

"அப்ப நான் கழட்டிப் போட்ட நாலு வாஷர்?"

"நாலும் நல்ல வாஷர்தாங்க. டப்பாவுல எடுத்து வச்சிருக்கேன்."